பிஸ்கெட் டப்பாவில் கிடந்த சான்று

ஏகாம்பரம்,

இவ்விடம் சுகம், அவ்விடம் சுகமறிய ஆவல் என்றெல்லாம் தொடங்க இன்று கை வரவில்லை. பம்பாயிலிருந்து நீ அனுப்பிய ஆராய்ச்சித் திட்டம் நேற்று வந்தது. முதல் பக்கத்தில், முதல் வரியாக, என் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் போட்டிருக்கிறாய். ஜெர்மனியில் யூதர்களுக்கு நேர்ந்ததைப் பற்றிப் போர் முடியும்வரை நம்பத்தகுந்த சான்று எதுவும் நம் பகுதிக்கு வந்து சேரவில்லை என்று நான் எழுதிய வாக்கியம். அதை எடுத்துவிடு. நீ கப்பல் ஏற இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும் என்று நம்பித்தான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த வாக்கியம் பொய். தவறு இல்லை, பொய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உனக்குப் பத்து வயதில் பிரம்பைக் காட்டிச் சொல்லிக்கொடுத்த அப்பன் நான். நீயோ அந்த வாக்கியத்தை அஸ்திவாரமாக வைத்து மூன்று வருஷ ஆராய்ச்சியைக் கட்டப் போகிறேன் என்கிறாய்.

நான் எப்படி ஜெர்மன் சரித்திரக்காரன் ஆனேன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். உனக்கும் சொல்லிச் சொல்லிக் காது புளித்திருக்கும். முதல் போரில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டபோது எனக்குப் பத்து வயது. மறுநாள் செங்கல்பட்டு ஸ்டேஷனில் வந்து நின்ற ரயில்களிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். ஒரு அம்மாள் கையில் உரலோடு இறங்கினாள். குழவியை மறந்துவிட்டு வந்துவிட்டேன் என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை தூரத்திலிருந்து வந்து ஒரு அம்மாளை இப்படி ஓட வைத்தவர்கள் யார் என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பட்டம் வாங்கி, வாத்தியார் வேலையில் சேர்ந்து, இங்கிலீஷில் கிடைத்ததையெல்லாம் படித்து, என் முதல் புத்தகமான ‘நவீன ஜெர்மனியின் எழுச்சி’யை எழுதினேன். முன்னுரையில் அந்த உரல் அம்மாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சென்னையில் ஒரு பேராசிரியர் மதிப்புரை எழுதினார். செங்கல்பட்டு ஸ்டேஷன் வம்பையெல்லாம் ஆசிரியர் சரித்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், இவர் எழுதியதில் பாதிக்கு ஆதாரம் இல்லை என்று கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். ஆசிரியர்கள் அறையில் அதைச் சத்தமாக வாசித்தார்கள். ‘எம்டன் வாத்தியார்’ என்ற பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

அந்த அவமானத்தில் நான் செய்துகொண்ட ஏற்பாடுதான் உனக்குத் தெரிந்த கார்டு முறை. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவாக வெட்டி, பின்பக்கத்தில் ஒரு செய்தி, வலது மூலையில் ஆதாரம். ஆதாரம் இல்லாத கார்டுக்குச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம் போட்டு, ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டுவிடுவேன். டப்பாவின் மேல் ‘வாய்ச்சொல்’ என்று எழுதி ஒட்டியிருக்கும். டப்பாவுக்குள் போனது புத்தகத்துக்குள் வராது. நீ சின்ன வயதில் அந்த டப்பாவைத் தொட்டு அடி வாங்கியிருக்கிறாய், நினைவிருக்கும். என் இரண்டாவது புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. அதே பேராசிரியர் அதைப் பாராட்டித் தபால் கார்டு போட்டார். நான் அந்தக் கார்டைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்தேன். இப்போதும் என் தலைக்கு மேல்தான் தொங்குகிறது.

அந்தப் புத்தகத்துக்காக ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். யாரிடம் கற்றேன் என்று சொன்னதில்லை. மகாபலிபுரத்தில் லைட் ஹவுஸுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்த ஹன்னா என்ற அம்மையாரிடம். சிற்பங்களை அளந்து படம் போடுகிற வேலைக்கு வந்தவர். வந்த பிறகு, யூதர் என்பதால் அவர் ஊரில் இருந்த வேலை போய்விட்டது. திரும்ப முடியாமல் இங்கேயே தங்கிவிட்டார். குப்பத்தில் அவருக்குப் படக்காரம்மா என்று பெயர். தமிழை மீன்காரப் பெண்களிடம் கற்றவர், அதனால் அவர் பேசுவதைக் கேட்டால் உன் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காது. நீல விழியும் செம்பட்டை முடியுமாக ஒரு அம்மாள், “இன்னா சார், சொகமா கீறியா? வூட்ல வந்துகீதா?” என்று கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக நீ, நான், உன் அம்மா மூன்று பேரும் போவோம். உனக்கு அப்போது ஐந்து வயது. நீ பத்துவரை முதலில் எண்ணக் கற்றது தமிழில் இல்லை, ஜெர்மனில். அந்த அம்மாள் உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, அடிவானத்தில் போகும் கப்பல்களைக் காட்டி எண்ண வைப்பாள். உனக்கு அது நினைவிருக்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நினைவிருந்துவிடுமோ என்ற பயம்தான்.

கப்பல் எண்ணுவது அவர்கள் வீட்டு விளையாட்டு. ஹாம்பர்க்கில் பிறந்து வளர்ந்தவள் அவள். அப்பா இருந்தவரை ஞாயிறுதோறும் மூவரும் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் எண்ணுவார்களாம். யார் சரியாகச் சொல்கிறார்களோ அவருக்கு ஒரு பன். புகை தெரிந்தால்தான் கணக்கு, பாய்மரம் சேராது. இங்கே வந்த பிறகும் அம்மாவுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை கப்பல் போயிற்று என்று எழுதுவாள். அம்மாவும் ஒவ்வொரு கடிதத்திலும் அதைக் கேட்பாள். கட்டுமரத்தைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று உன் அம்மாவுக்கும் அவளுக்கும் ஒருநாள் கைச்சாடையிலேயே சண்டை நடந்தது. உன் அம்மா படாளத்துக்காரி, ஏரியைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவள், ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு கார்டில் எழுதினேன். ஆதாரம் என்ன? ஒரு அம்மாள் மணலில் உட்கார்ந்து சொன்னது. சிவப்பு வட்டம் போட்டு டப்பாவில் போட்டேன்.

எனக்குப் பாடப் புத்தகம் எது தெரியுமா? அந்தத் தாயாரின் கடிதங்கள்தான். வேறு ஜெர்மன் எழுத்து எங்களிடம் இல்லை. ஏழு கடிதங்கள். ஒவ்வொன்றையும் என் நோட்டில் பார்த்து எழுதி, கீழே தமிழில் பொருள் எழுதிக்கொள்வேன். அந்தக் கிழவி என்னென்ன எழுதியிருந்தாள் என்று இப்போது சொல்கிறேன், கேள். பூங்காவில் இனிமேல் உட்காருவதில்லை, கால் நன்றாகத்தான் இருக்கிறது, பெஞ்சுதான் எங்களுக்கு இல்லை என்று ஒன்றில். இருபது வருஷம் ரொட்டி வாங்கிய கடைக்காரர் கண்ணைப் பார்க்காமல், பின்வாசல் வழியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார், நல்ல மனிதர், அவருக்கும் பயம் என்று ஒன்றில். மேல்வீட்டு டாக்டரை விடியலில் அழைத்துப் போனார்கள், அவர் மூக்குக்கண்ணாடி மாடிப்படியில் கிடந்தது, எடுத்து வைத்திருக்கிறேன், வந்தால் கொடுக்க வேண்டும் என்று ஒன்றில். நான் இவற்றையெல்லாம் படித்து, வினைச்சொல் எங்கே வருகிறது என்று அடிக்கோடு போட்டேன். பொருளும் புரிந்தது, புரியாமல் இல்லை. வருத்தமும் பட்டேன். ஆனால் அப்போது அச்சுக்குப் போய்க்கொண்டிருந்த என் இரண்டாவது புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில், புதிய அரசு ஒழுங்கையும் வேலைவாய்ப்பையும் கொண்டுவந்தது என்று அரசாங்க அறிக்கையை ஆதாரம் காட்டி எழுதினேன். அச்சடித்த அறிக்கை ஆதாரம். கிழவியின் கடிதம் குடும்ப விஷயம். இப்படித்தான் ஏகாம்பரம் என் மூளை வேலை செய்தது.

போர் வருவதற்கு முந்தைய கோடையில் அந்த அம்மாள் நம் வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தாயாரை இங்கே வரவழைக்க மனுப் போட்டிருந்தாள், போலீஸ் விசாரணை முடிந்தால் அனுமதி வந்துவிடும், கப்பலில் இடம் பார்க்க ஒரு உறவினர் அங்கே தயாராக இருந்தார். கடற்கரையில், அதுவும் லைட் ஹவுஸ் பக்கம் இருக்கிற ஜெர்மன்காரி என்பதால் அவளுக்கு வந்த கடிதங்களைப் பார்க்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். ஒளிக்க ஒன்றுமில்லாதவள், ஏழு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். “சார், போலீசு கடுதாசி கேக்குது. நீ எய்திக் குடு சார். உன்ன நம்பும்” என்று என் மேஜைமேல் வைத்தாள். அதற்குள் உன் அம்மா காபி கொண்டுவந்து கொடுத்து, தாயார் வந்தால் நம் வீட்டில்தான் முதலில் பத்து நாள் தங்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கிழவிக்குக் காரம் ஆகாதே, என்ன சமைப்பது என்று அன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்தாள்.

மூன்று நாள் உட்கார்ந்து ஏழு கடிதங்களையும் இங்கிலீஷில் பெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஏழு கடிதத்திலும் கடைசியில் அந்தக் கேள்வி: உன் கரையோரம் இந்த வாரம் எத்தனை கப்பல் போயிற்று, மறக்காமல் எழுது. ஏழாவதில் இன்னும் ஒரு வரி கூட: போன தடவை எண்ணிக்கையை எழுத மறந்துவிட்டாய், காத்துக்கொண்டிருக்கிறேன். அதையும் அப்படியே பெயர்த்தேன். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவள்தான் நிறுத்தினாள். “ஏங்க, போலீஸ்காரன் இதப் படிச்சா இன்னா நெனப்பான்? கப்பல் எண்றது வெளையாட்டுன்னு கீழ ஒரு வரி எழுதி வுடுங்க” என்றாள். தாளில் இல்லாததை நான் எப்படி எழுத முடியும் என்றேன். “நாமதான் கூட ஒக்காந்து எண்ணினோமே. ஒரு வரி எழுதினா இன்னா கொறஞ்சிடும்?” என்றாள். மொழிபெயர்ப்பாளன் சாட்சி சொல்லக் கூடாது, உனக்கு இதெல்லாம் புரியாது என்று சீறினேன். அவள் எழுந்து போய்விட்டாள். அடியில் கையெழுத்துப் போட்டு, நூலாசிரியர் என்று என் இரண்டு புத்தகங்களின் பெயரையும் எழுதினேன். அந்தப் பெருமைக்கு மட்டும் இடம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. அவர்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு எத்தனையோ தரம் ஆசை வந்திருக்கிறது. ஒரு சாயந்திரம் அவரே வீட்டுக்கு வந்தார். “எல்லாம் சரியா கீது சார். இந்தக் கப்பல் எண்ணிச் சொல்லுன்னு ஏழு தடவ வருதே, இது இன்னா சார்?” என்று கேட்டார். தாளில் இருப்பதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “இப்ப கேக்கறேன் சார்” என்றார்.

ஏகாம்பரம், அந்த நிமிஷத்துக்குத்தான் நான் இந்தக் கடிதம் முழுவதையும் எழுதுகிறேன். அவர் கேட்டார். வாயைத் திறந்து, ஐயா, அது ஒரு தாயும் மகளும் ஆடுகிற விளையாட்டு, நானும் என் பெண்சாதியும் என் பிள்ளையும் கூட ஆடியிருக்கிறோம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. “எனக்குத் தெரிந்ததற்கு ஆதாரம் கிடையாது” என்றேன் நான். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். சரித்திரக்காரனின் நேர்மை என்று அதற்கு நான் பேர் வைத்தேன். உண்மை என்னவென்றால், அந்த வாரம்தான் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, காலம் சரியில்லை, வெள்ளைக்கார அன்னியரோடு பழக்கம் வேண்டாம், வேலைக்கு ஆபத்து என்று சொல்லியிருந்தார். அந்த அம்மாளுடன் உட்கார்ந்து கப்பல் எண்ணியவன் என்று என் பெயர் போலீஸ் தாளில் ஏறுவதற்கு நான் பயந்தேன். நேர்மை பாதி, பயம் பாதி என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். முழுவதும் பயம்தான்.

குப்பத்தில் கன்னியப்பன் என்று ஒருவர், அந்த அம்மாளுக்குப் பக்கத்து வீடு. இன்ஸ்பெக்டர் அங்கேயும் போய் விசாரித்தார். “கப்பல நாங்களுந்தான் எண்ணுவோம். எங்க புள்ளிங்களும் எண்ணும். கப்பல் இன்னா ஒளிஞ்சிகினா போவுது? அந்தம்மா தங்கமானது சார், நான் சொல்றேன் எய்திக்கோ” என்று கன்னியப்பன் சொன்னாராம். எழுதப்படிக்கத் தெரியாதவர். அவர் பேச்சை எழுதிக்கொண்டார்களோ இல்லையோ, என் தமிழும் இங்கிலீஷும் ஜெர்மனும் சொல்லாததை அவர் சொன்னார். நான் கையெழுத்துப் போட்ட தாளோ சென்னைக்குப் போய், மேல் விசாரணை என்று ஒரு காகிதக் கட்டுக்குள் மாட்டிக்கொண்டது.

அந்த அம்மாள் இரண்டு தரம் வந்து கேட்டாள். இரண்டாம் தரம் வந்தபோது சிரிப்பு இல்லை. “அம்மாக்கு டைம் இல்ல சார்” என்றாள். அவள் போனதும் உன் அம்மா என் மேஜையருகே வந்து நின்றாள். எனக்கு உறுத்தியது. போலீசுக்கு ஒரு துணைக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? ஆதாரம் தேடினேன். அந்த அம்மாளுக்கு எழுதினேன்: கப்பல் எண்ணுவது குடும்ப விளையாட்டு என்று உங்கள் தாயாரிடமிருந்து தெளிவாக ஒரு கடிதம் வரவழையுங்கள், அதை நான் மொழிபெயர்த்துத் தாக்கல் செய்கிறேன். என் சொல்லே போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளும் நம்பி, தாயாருக்கு எழுதிப் போட்டாள். போலீஸ் பயத்தில் கப்பல் கணக்கை மட்டும் அதில் எழுதவில்லை என்றாள். அந்தப் பதிலுக்காக நாங்கள் காத்திருந்தபோது போர் வந்துவிட்டது. அப்புறம் அங்கிருந்து கடிதம் வரவில்லை. கப்பலும் வரவில்லை. எதிரி நாட்டுப் பிரஜை கடற்கரையில் இருக்கக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு வந்தது, சில மாதத்தில் எங்கேயோ மலைமேல் ஒரு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். புறப்படும் அன்று செங்கல்பட்டு ஸ்டேஷனில் உன் அம்மா தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாள். எனக்கு அன்று பள்ளியில் வேலை இருந்தது. வேலை ஒன்றும் இல்லை.

போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, வேறு ஒரு தேசத்திலிருந்து அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தாயாரைக் கிழக்கே போகும் ரயிலில் ஏற்றினார்கள் என்பது மட்டும் தெரிகிறது, பட்டியலில் பெயர் இருக்கிறது, திரும்பி வந்தவர்களில் இல்லை என்று எழுதியிருந்தாள். பழைய வீட்டு முகவரியைக் கொடுத்து, உங்களுக்கு எப்போதாவது அந்தப் பக்கம் யாராவது போனால் பார்க்கச் சொல்லுங்கள், என்னால் அந்த ஊருக்குப் போக முடியாது என்று கேட்டிருந்தாள். கடைசியில் ஒரு வரி: என் அம்மாவுக்காக நீங்கள் மூன்று நாள் உட்கார்ந்து மொழிபெயர்த்ததை நான் மறக்கவில்லை, நன்றி. அவளுக்குத் தெரியாது. நான் பதில் எழுதவில்லை. பத்து வருஷம் ஆகிறது.

பதில் எழுதாமல் என்ன செய்தேன்? புத்தகம் எழுதினேன். என் மூன்றாவது புத்தகம், எனக்குப் பரிசும் பெயரும் வாங்கிக் கொடுத்தது, நீ படித்துவிட்டு, நைனா, நானும் இதைத்தான் படிக்கப் போகிறேன் என்று சொன்ன புத்தகம். அதில் யூதர்களைப் பற்றிய அத்தியாயத்தைப் போர் முடிந்தபின் வெளிவந்த ஆவணங்களை வைத்து எழுதினேன். எழுதும்போது என் நோட்டு அலமாரியில்தான் இருந்தது. பெஞ்சும், ரொட்டிக்கடையும், மாடிப்படியில் கிடந்த கண்ணாடியும் அதில்தான் இருந்தன. அவற்றைச் சேர்த்தால், இவை எப்போது உன் கைக்கு வந்தன, அப்போது என்ன செய்தாய் என்று யாராவது கேட்பார்கள். அதனால்தான் சான்று வந்து சேரவில்லை என்று எழுதினேன். புரூப் வந்தால் உன் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுவது என் பழக்கம், உனக்குத் தெரியும். அவள் அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்பாள். அந்த வாக்கியத்துக்கு வந்ததும் அவள் கை நின்றது. “அப்ப அந்தப் படக்காரம்மா கடுதாசி இன்னா?” என்று கேட்டாள். அது குடும்பக் கடிதம், சான்று இல்லை என்றேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் சாகும்வரை என் புரூப் எதையும் அவள் உட்கார்ந்து கேட்கவில்லை. அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருந்தேனே, அதுவும் பொய்.

இப்போது நீ போகிறாய். சரக்குக் கப்பலில் இடம் கிடைத்து, வேறெங்கும் இல்லை, ஹாம்பர்க்கிலேயே இறங்குகிறாய். கம்பளிச் சட்டையை உடம்போடு போட்டுக்கொள், ஸ்டைலுக்காகக் கையில் தொங்கவிடாதே. உன் மாமா கொடுத்த எலுமிச்சை ஊறுகாயைக் கப்பலில் பங்கு போட்டுத் தீர்த்துவிடாமல் அங்கே போய்த் திற. இந்தக் கடிதத்தோடு தனிப் பார்சலில் இரண்டு பொருள் வருகிறது. ஒன்று அந்த நோட்டு. ஏழு கடிதமும் அதில் என் கையெழுத்தில் இருக்கின்றன. மூலம் அந்த அம்மாளிடம் இருக்கிறது, அவள் இப்போதைய முகவரியும் தாயாரின் பழைய வீட்டு முகவரியும் நோட்டில் எழுதியிருக்கிறேன், அவளுக்கும் இன்றைக்கே உண்மையை எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அவள் என்ன பதில் எழுதுவாளோ, எழுதாமலே இருப்பாளோ, இரண்டும் நியாயம்தான். இன்னொன்று, சிவப்பு வட்டம் போட்ட அந்தக் கார்டு. டப்பாவின் அடியில் கிடந்தது. முன்பக்கம் உன் சித்தியின் கல்யாணப் பத்திரிகை. பின்பக்கம் நான் எழுதியிருப்பது: ஹன்னா அம்மையார் சொன்னது, கப்பல் எண்ணுவது தாயும் மகளும் ஆடும் விளையாட்டு, ஆதாரம் இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன் பார், பெரிய சரித்திரக்காரன்.

உன் திட்டத்தின் முதல் வரியை மாற்று. ஜெர்மனியில் நடந்தது செங்கல்பட்டு வரைக்கும் வந்து சேர்ந்தது, ஒருவன் படித்தான், புரிந்தது, வாயைத் திறக்கவில்லை என்று எழுது. அடிக்குறிப்பில் என் பெயரைப் போடு. பெற்ற அப்பன் ஆயிற்றே என்று மறைக்காதே, மறைத்தால் நீயும் என்னைப் போலத்தான். இதற்காக நீ என்னை வெறுத்தால் வெறு. கொஞ்ச நாளைக்குக் கடிதம் போடாமல் இருந்தாலும் இரு. ஆனால் எப்போதாவது எழுது. வீட்டில் இப்போது வேறு குரல் இல்லை. போகிற இடத்தில் யாராவது கிழவர் கிழவி உன்னிடம் ஏதாவது சொல்ல வந்தால், ஆதாரம் என்ன என்று முதலில் கேட்காதே. உட்கார்ந்து கேள். எழுதிக்கொள். டப்பா வைத்துக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் நீ எனக்குச் செய்ய வேண்டும். ஹாம்பர்க்கில் இறங்கியதும் கிழவியின் அந்தப் பழைய வீட்டு முகவரிக்குப் போ. குண்டு விழுந்த ஊர், வீடு இருக்கிறதோ என்னவோ. வேறு யாரோ குடியிருக்கலாம், வெறும் மனையாகக் கிடக்கலாம். எப்படியிருந்தாலும் அந்த இடத்தில் போய் நில். கிழவி கடைசியாகக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் பஸ் பிடித்து மகாபலிபுரம் போனேன். லைட் ஹவுஸுக்குக் கீழே, நாம் உட்காரும் அதே இடத்தில் காலையில் உட்கார்ந்தேன். கன்னியப்பன் வந்து, “இன்னா வாத்தியாரே, இத்தினி வருசம் கயிச்சி” என்று கேட்டுவிட்டு, நான் சொல்லாமலே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வெயில் சாயும்வரை இருந்தோம். கட்டுமரத்தைச் சேர்க்கவில்லை. புகை தெரிந்ததை மட்டும்தான் எண்ணினோம். அங்கே நின்று, உனக்குத் தெரிந்த முதல் கணக்கில், ஜெர்மனிலேயே அவளுக்குச் சொல்லிவிடு. மூன்று கப்பல்.

உன் நைனா